ஜன்னல் ஏ.சி.யும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியும்

"சார், ஏ.சி. ஓடுது, ஆனா குளிரவே இல்ல." கோடையில் எங்கள் கணினி அறையில் மாணவர்கள் அடிக்கடி சொல்வது இது. ஜலகண்டாபுரம் வெயில் அப்படி. இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். எனவே எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் அளவுநாடாவைக் கொடுத்து ஜன்னலை அளக்கச் சொன்னேன்.

ஏ.சி.யின் அகலம் 66 செ.மீ., உயரம் 43 செ.மீ. சுற்றிலும் ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளி. சுற்றளவு 218 செ.மீ. என்றால் இடைவெளியின் பரப்பு சுமார் 220 ச.செ.மீ. சுவரில் ஒரு செங்கல்லை உருவி எடுத்தால் உண்டாகும் துளையைவிட இது பெரிது! கணக்கைப் போட்டு முடித்ததும் மாணவர்களே வியந்து போனார்கள்.

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. கீழே இறங்கித் தாழ்வான இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப மேல் இடுக்குகள் வழியே சூடான காற்று நுழையும். பாடநூலில் நாம் நடத்தும் வெப்பச்சலனம்தான். இதைக் கண்ணால் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். அறை குளிர்ந்தபின் ஏ.சி.யையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, திரைச்சீலையை ஒதுக்கி, இடைவெளி ஓரமாக ஆசிரியரே ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை நேராக எழாமல் உள்ளேயோ வெளியேயோ வளைந்தால் அங்கே கசிவு உண்டு.

வெளிக்காற்று வெப்பத்தோடு ஈரத்தையும் கொண்டுவரும். ஒரு லிட்டர் நீருக்குரிய நீராவி குளிர்சுருளில் நீராகும்போது ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும்; அதையும் ஏ.சி.தான் வெளியேற்ற வேண்டும். காற்றின் ஈரம் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று காய்ந்தால் பாவு நூல் அறுந்துபோகும் என்பது தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடைப்பது எளிது. குறுகிய இடுக்குகளுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பின்புறம் பசையுள்ள ஃபோம் பட்டை. அகலமான பகுதிக்கு தெர்மாகோல் பலகை. அதற்குள் அடைபட்ட காற்றே வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது. தெர்மாகோல் தீப்பற்றக்கூடியது என்பதால் இருபுறமும் பிளைவுட் வைத்து மூட வேண்டும். மின்கம்பியைத் தொடக்கூடாது. சில கரைப்பான் பசைகள் தெர்மாகோலைக் கரைத்துவிடும். முதலில் சிறு துண்டில் தடவிப் பார்க்கலாம். (அதுவே தனியாக ஒரு நல்ல சோதனை!) மரச்சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் மட்டும் சிலிக்கோன் பூசுங்கள். ஏ.சி.யின் உடம்பில் பூசினால் சர்வீஸுக்கு வெளியே இழுக்க முடியாது. கழிவுப் பஞ்சைத் திணிப்பது எங்கள் ஊரில் சுலபம்தான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், எளிதில் தீப்பிடிக்கும், வேண்டாம்.

அடைக்கக் கூடாதவையும் உண்டு. ஏ.சி.யின் வெளிப்பகுதியில் பக்கவாட்டிலுள்ள காற்றுத் துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டு, வெப்பத்தைச் சுமந்துகொண்டு பின்புறமாக வெளியேறுகிறது. அவற்றை மூடினால் இயந்திரமே சூடாகித் திணறும். தண்ணீர் வடியும் துளையும், பின்பக்கமாக உள்ள சிறு சாய்வும் அப்படியே இருக்கட்டும்.

இடுக்குகளை அடைத்த அறையில் நாற்பது பேர் உட்கார்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கூடும், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். எனவே ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கதவையும் எதிர்ப்புற ஜன்னலையும் ஐந்து நிமிடம் திறந்து வைக்கிறோம்.