நீறு பூத்த நெருப்பு



அடுப்பு அணைந்துவிட்டது என்றெண்ணிக் கை வைத்துச் சுட்டுக்கொண்டவர் நம்மில் பலர். மேலே சாம்பல், உள்ளே கங்கு. நம் முன்னோர் இதனை நீறு பூத்த நெருப்பு என்றனர். மனித உடலிலும் அப்படியொரு நெருப்பு ஒளிந்திருக்கக்கூடும். அதுவே கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி.

கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம்மவர் வழக்கம். காமாலைக்குக் காரணங்கள் பல; அவற்றுள் இக்கிருமியும் ஒன்று. ஆனால் கண் மஞ்சளாகாமலேயே பல்லாண்டு தங்கியிருந்து, ஈரல் சுருக்கத்தையும் ஈரல் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது இது. இக்கிருமியின் மேலுறைப் பொருளை 1960-களில் இரத்தத்தில் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி புளும்பெர்க், 1976-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இன்றும் மருத்துவர்கள் செய்யும் முதற்சோதனை அந்த மேலுறையைத் தேடுவதே.

அதே புளும்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்து 1988-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் மேலுறைப் பொருள் பிறகு காணப்படவில்லை. உலகமே வியந்தது. எனினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. எனவே மூலிகையை மட்டும் நம்பி மருத்துவச் சிகிச்சையைக் கைவிடலாகாது.

இங்கே நாம் அறிய வேண்டிய மற்றோர் உண்மை உண்டு. மேலுறை காணப்படவில்லை என்பதால் கிருமியே இல்லை என்றாகிவிடாது. அதன் மரபுப்பொருள் ஈரல் அணுவின் கருவுக்குள் சிறு வளையமாகத் தங்கிவிடுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதனை அடக்கி வைக்கிறது. சாம்பலுக்கடியில் கங்கு இருப்பது போலத்தான்.

எதிர்ப்புச் சக்தியையே குலைப்பது எச்.ஐ.வி. கிருமி. சென்னையிலும் மலேசியாவிலும் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில்தான். இரத்தம், ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து சேய் என இரு கிருமிகளும் பரவும் வழிகள் ஒன்றே. ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இந்த மறைந்த தொற்று மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. இவர்களுக்கு மேலுறைச் சோதனை மட்டும் போதாது. ‘கோர் ஆண்டிபாடி’ என்னும் சோதனையையும் கேட்டுப் பெற வேண்டும். ஒருகாலத்தில் கிருமி உள்ளே நுழைந்ததா என்பதை அது காட்டும். ஐயமிருந்தால் கிருமியின் டி.என்.ஏ.யை அளக்கும் சோதனையும் உண்டு.

இதில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே உள்ளன. எச்.ஐ.வி.க்குத் தரப்படும் டெனோபோவிர், லாமிவுடின் ஆகிய மருந்துகள் ஹெப்படைடிஸ் பி கிருமியையும் அடக்குபவை. நோயாளி அறியாமலேயே அவை ஈரலைக் காத்து வருகின்றன. உடல் தேறிவிட்டது என்றோ, விருந்தினர் முன் மாத்திரை விழுங்க வெட்கப்பட்டோ அவற்றை நிறுத்தினால், அடங்கியிருந்த கங்கு சிலருக்கு மீண்டும் பற்றிக்கொள்ளும். ஈரல் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். மாத்திரைக்குப் பதிலாக இப்போது வந்துள்ள நீண்டநாள் ஊசி மருந்துகளான கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஆகியவை ஹெப்படைடிஸ் பி-யை அடக்குவதில்லை. ஆகவே மருந்தை மாற்றுமுன் ‘என் ஈரலைச் சோதித்தீர்களா, டாக்டர்?’ என்று கேட்பது நோயாளியின் உரிமை.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமையுண்டு. மலேசியாவில் 1989-ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் சோதனை செய்து, தேவையானால் ஊசி போட்டுக்கொள்வது நலம்.

நிறைவாக ஒரு வார்த்தை. ஒரே பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்பதாலோ, கைகோத்து நிற்பதாலோ இவ்விரு கிருமிகளும் தொற்றுவதில்லை. கிருமி ஒளிந்திருப்பது ஓர் ஆபத்து. நம் ஏச்சுக்கு அஞ்சி மனிதர் ஒளிந்திருப்பது அதனினும் பெரிய ஆபத்து. பக்கத்து இலையில் அமர்ந்திருப்பவர் அச்சமின்றித் தம் மாத்திரையை எடுத்து விழுங்கும்படி நடந்துகொள்வோம். அதுவும் ஓர் அறமே.