வானிலைத் தரவுக்கு ஒரு வெள்ளோட்டம்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓடும் அய்யனார் கோவில் ஆறு பொல்லாதது. கோவிலடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும்; மழை பெய்தது மேலே, மலைக்காட்டில். அதைச் சற்று முன்பாக அறிய அருகிலுள்ள மழைமானியும் ரேடாரும் போதும். சில நாள் முன்பே கணிக்க வேண்டுமென்றால் அரபிக்கடல், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா வரை காற்றழுத்தம் தெரிய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று நிலநடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டுவதே ஆப்பிரிக்கக் கரையோரத்தில்தான்.

இத்தகைய வானிலைத் தரவுகளை நாடுகள் பல பத்தாண்டுகளாக ஒரு தனி வலையமைப்பில் பகிர்ந்துவந்தன; புதுதில்லி அதன் முக்கிய மையங்களில் ஒன்று. அதற்கு மாற்றாக உலக வானிலை அமைப்பு உருவாக்கிய 'விஸ் 2' 2025-இல் நடைமுறைக்கு வந்தது. 2033-க்குள் எல்லா நாடுகளும் இதற்கு மாற வேண்டும்.

இதில் ஒரு நாடு தன் தரவைத் தன் சர்வரில் வைத்துவிட்டு, 'புதிய தரவு இங்கே' என்று சிறு அறிவிப்பை மட்டும் அனுப்பும். இடைத்தரகுச் சர்வர்கள் அதை உலகெங்கும் பரப்பும். அடிப்படைத் தரவின் நகல், பொதுச் சேமிப்பகங்களில் குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்.

புதுத் தேரை வெள்ளோட்டம் விட்ட பிறகுதானே வீதிக்கு எடுக்கிறோம்? இதற்கும் அப்படியே. ஒரு தரகுச் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தினால் மற்றது தாங்குமா? ஒரே அறிவிப்பு இருமுறை வந்தால் பெறுபவர் ஒன்றைத் தள்ளுவாரா? வழியில் சிதைந்த கோப்பு பிடிபடுமா? இவற்றை ஓடும் வலையமைப்பில் சோதிக்கக் கூடாது. சோதனைக்காகப் புனைந்த காற்றழுத்த அளவு நிஜத் தரவோடு கலந்தால் கணிப்பே குழம்பிவிடும். ஆகவே தனிச் சர்வர்கள், தனி முகவரிகள், கற்பனை நிலையங்கள் தேவை.

இந்தச் சோதனை ஏற்பாட்டை வாங்குவதில்தான் சிக்கல். தரவு அனுப்புவதற்கான 'விஸ்2பாக்ஸ்' மென்பொருள் இலவசம். செலவெல்லாம் கணினிக்கும் இணையத்துக்கும் ஆளுக்கும். உச்சச் சுமை சில வாரங்களுக்கே என்றால், சர்வர்களை விலைக்கு வாங்குவதைவிட மேகக்கணினியை வாடகைக்கு எடுப்பது லாபம். அரசின் 'ஜெம்' இணையச் சந்தையில் இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் டெண்டரில் சர்வரின் நினைவகத்தையும் வட்டின் கொள்ளளவையும் மட்டும் எழுதினால், குறைந்த விலை கேட்டவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்குவார், வேலை முடிந்தது. நொடிக்கு எத்தனை அறிவிப்புகளைத் தாங்க வேண்டும், எந்தக் கோளாறுகளை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். எந்தப் பழுது எத்தனை நிமிடத்தில் சரியானது என்ற சோதனை அறிக்கை வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.