உஷார்! பெயரை வைத்து யூத முன்னோரைத் தேடுகிறீர்களா?

பெரேரா, ஒலிவேரா, ரொட்ரிகெஸ், கோஸ்தா, மெண்டெஸ். இதில் ஏதாவது ஒரு பெயர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், ‘உங்கள் முன்னோர் மதத்தை மறைத்து வாழ்ந்த யூதர்கள்’ என்று சொல்லும் ஒரு பட்டியல் என்றாவது உங்கள் கைபேசிக்கு வந்து சேரும். வந்த கையோடு இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். டிஎன்ஏ பரிசோதனைக்கென்று எந்தக் குப்பியிலும் எச்சில் துப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பட்டியல் முழுப் பொய்யாக இருந்தால் பயமே இல்லை. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் ஆட்கள் விழுகிறார்கள். 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. பல்லாயிரம் பேர் பக்கத்து போர்ச்சுகலுக்குள் ஓடினார்கள். 1497-ல் அங்கும் மன்னர் மனுவேல் எல்லோருக்கும் கட்டாய ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அப்படி ‘புதுக் கிறிஸ்தவர்’ ஆனவர்கள், ஞானத்தகப்பனின் பெயரையோ ஊரில் புழங்கிய சாதாரணப் பெயரையோ சூட்டிக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் பெயர் பக்கத்து வீட்டுப் பழைய கிறிஸ்தவரின் பெயர்தான். பெரேரா போல மரத்தின் பெயர், பழத்தின் பெயர் என்றால் யூதர் என்ற கதையை விட்டுத்தள்ளுங்கள். போர்ச்சுகலின் பெரும் படைத்தலைவர் நூனோ ஆல்வரெஸ் பெரேரா இறந்தது 1431-ல். கட்டாய ஞானஸ்நானத்துக்கு அறுபது வருடங்களுக்கும் மேல் முன்பு. 2009-ல் போப் அவரைப் புனிதராகவே அறிவித்தார்.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுகீசியப் பெயர்கள் அவர்களுக்கும் வந்து ஒட்டின. தூத்துக்குடியில் பர்னாந்து, ரொட்ரிகோ, இலங்கையில் பெரேரா. இவர்களைப் பார்த்து யாராவது ‘யூத ரத்தம்’ என்றால் சிரித்துவிட்டுப் போவோம். லிஸ்பனிலோ சாவோ பாவ்லோவிலோ இருக்கும் பெரேராவுக்கும் பெயர் மட்டும் அதற்கு மேல் எதையும் நிரூபிக்காது.

அடுத்த பள்ளம், பாட்டி செய்த பழக்கங்கள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு, பன்றிக்கறி தொடாமை, சனிக்கிழமை துணி மாற்றுவது. இவையெல்லாம் இன்குவிசிஷன் என்ற மத விசாரணைக்காரர்களே, ‘அண்டை வீட்டில் இப்படிச் செய்தால் வந்து சொல்லுங்கள்’ என்று கோவில்களில் வாசித்த பட்டியலில் இருந்தவை. இன்று அதே பட்டியலைப் படித்துவிட்டுத்தான் பலருக்குப் பாட்டி நினைவுக்கு வருகிறார்! அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதில் பெரிய சண்டையே நடந்தது. வரலாற்றாசிரியர் ஸ்டான்லி ஹோர்டெஸ் அங்கே மறைந்து வாழ்ந்த யூதர்களின் சுவடு இருக்கிறது என்றார். நாட்டாரியல் ஆய்வாளர் ஜூடித் நியூலாண்டர், அவற்றில் பல சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் புராட்டஸ்டண்ட் சபைகள் கொண்டுவந்த பழக்கங்கள் என்று மறுத்தார். சாட்சியாகக் காட்டப்பட்ட சூதாட்டப் பம்பரம், கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களின் பண்டிகை விளையாட்டு. ஸ்பெயின் யூதர் வீட்டில் அதற்கு என்ன வேலை?

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. போர்ச்சுகலின் பெல்மோன்தே மலையூரில் பெண்கள் வாய்வழியாகவே யூத ஜெபங்களைக் கடத்திவந்ததை 1917-ல் சாமுவேல் ஸ்வார்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் கண்டுபிடித்தார். அது ஒரு ஊரே சேர்ந்து காத்த வழக்கம். ஒற்றைப் பாட்டியின் மெழுகுவர்த்தியை அதோடு ஒப்பிடக்கூடாது.

‘என்னிடம் காகிதமே இருக்கிறது’ என்பவரும் கொஞ்சம் நில்லுங்கள். 1449-ல் டொலேடோவில் தொடங்கிய ‘ரத்தத் தூய்மை’ விதிகளால், பதவி வேண்டியவர் தன் வம்சத்தில் யூதர் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. விளைவு, போலி வம்சாவளி எழுதித் தருவது ஒரு தொழிலே ஆயிற்று. செவில் நகரில் அடுத்தவர் குலக்கதையைத் தெரிந்துவைத்துக்கொண்டு மிரட்டிப் பிழைத்தவர்களும் உண்டு. அன்று மறைக்கப் போலி, இன்று காட்டப் போலி. சந்தை மட்டும் மூடவில்லை.

இப்போது எச்சில் குப்பி. ஐந்நூறு வருடம் என்றால் சுமார் பதினேழு தலைமுறை. அந்தப் படியில் உங்கள் மூதாதையர் இடங்கள் 1,31,072. அதில் ஒருவர் யூதராக இருந்தால் அவருடைய டிஎன்ஏ ஒரு துளிகூட உங்களிடம் வந்து சேராமலிருக்கவே வாய்ப்பு அதிகம். ‘இரண்டு சதவீதம் யூதர்’ என்று வரும் அறிக்கை அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. பிறப்புச் சான்றிதழ் அல்ல. அடுத்த வருடம் கணக்கு முறையை மாற்றினால் அந்த இரண்டும் காணாமல் போகலாம்.

போகாதது உங்கள் தகவல். 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் திருடர்கள் வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள்தான் நுழைந்தார்கள். உறவினரைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. அஷ்கெனாசி யூத வம்சாவளியினர் என்று தனியே பிரித்த பட்டியல் விற்பனைக்கே வந்தது. ஐரோப்பாவில் யூதர் பட்டியல் என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. நீங்கள் ஒருவர் கொடுத்த எச்சில், கேட்காமலே உங்கள் அண்ணனையும் அத்தை மகளையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

பாஸ்போர்ட் ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று வெளியேற்றிய யூதர்களின் சந்ததிக்காக ஸ்பெயின் 2015-ல் திறந்த குடியுரிமைக் கதவு 2019 அக்டோபர் 1-ல் மூடியாயிற்று. மனு போட்ட 1,32,000-க்கும் மேற்பட்டோரில் ஆயிரக்கணக்கானோர் 2021-ல் நிராகரிக்கப்பட்டார்கள். போர்ச்சுகலில் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சுக்கு இதே வம்சாவளி வழியில் குடியுரிமை கிடைத்த விவகாரத்துக்குப் பின் 2022-ல் பிடி இறுகியது. 2024 சட்டம் மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. ‘ஸ்பெயின் கோட்டாவில் இன்னும் இடம் இருக்கிறது’ என்பவர் திருடர், வேறு சந்தேகமே வேண்டாம்.

உண்மையாகத் தேட விருப்பமா? உங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். பெற்றோர், அவர்கள் பெற்றோர், பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகம், திருமணப் புத்தகம். ஒரு கண்ணி விட்டாலும் தாவாதீர்கள். 1563-ல் டிரெண்ட் பொதுச்சங்கம் பதிவேட்டைக் கட்டாயமாக்கியதற்கு முன்னால் ஏடுகள் அரிது என்பதையும் மனதில் வையுங்கள். லிஸ்பனின் தோரே தோ தொம்போ ஆவணக் காப்பகத்தில் சுமார் 40,000 மத விசாரணைக் கோப்புகள் இருக்கின்றன. பல இணையத்தில் இலவசம். ‘எடுத்துத் தருகிறேன், காசு கொடு’ என்பவரிடம் கோப்பு எண்ணைக் கேளுங்கள்; பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். கோவா விசாரணை ஏடுகளோ பெரும்பாலும் அழிந்தவை. அங்கே முன்னோர் ஒருவர் பெயர் கிடைத்தாலும் குற்றச்சாட்டு என்ன என்று பாருங்கள். அங்கே பிடிபட்டவர்களில் மிகப் பலர் யூத வழக்கத்துக்காக அல்ல, இந்து வழக்கத்துக்காகப் பிடிபட்டவர்கள்.

இத்தனைக்கும் அவசரமில்லை, நிதானமாகத் தேடலாம். அவசரம் ஒன்றில்தான். யூதர்களிடம் அதிகம் காணப்படும், புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் ஒரு பிஆர்சிஏ1 மரபணு மாற்றம், கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாகக் கத்தோலிக்கரான ஸ்பானியக் குடும்பங்களிலும் இருப்பது தெரிய வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அம்மா, சித்தி, அத்தை என்று இளவயதிலேயே மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால், பட்டியலையும் பாட்டி கதையையும் ஓரமாக வைத்துவிட்டு மரபணு ஆலோசனை தரும் மருத்துவரிடம் போங்கள். தபாலில் வரும் பரிசோதனைப் பெட்டி ஒரு சில மாற்றங்களை மட்டுமே பார்க்கும். அதில் ‘இல்லை’ என்று வந்ததை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.