சாவித்துவாரத்தில் ஒரு கண்

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாவித்துவாரம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு விளக்கத் தேவையில்லை. கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தால் நேர் எதிரே இருப்பது தெரியும். அறையின் மூலை தெரியாது. சிறு துளை வழியே சாவித்துவார அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரின் சிக்கலும் அதுதான்.

உடலுக்குள் பார்க்க உதவும் பழைய உள்நோக்கிகளில் (எண்டோஸ்கோப்) வெற்றுக் குழாய்க்குள் மெல்லிய லென்ஸ்கள் இடைவெளி விட்டு நின்றன. படம் மங்கல், பார்வைப் புலம் குறுகல். 1959-இல் பிரிட்டிஷ் இயற்பியலர் ஹெரால்டு ஹாப்கின்ஸ் இந்த அமைப்பை அப்படியே புரட்டிப் போட்டார். காற்று இருந்த இடத்தில் நீண்ட கண்ணாடித் தண்டுகள். தண்டுகளுக்கு நடுவே மெல்லிய காற்று இடைவெளிகள். அதே பருமனுள்ள குழாயில் ஒளி பல மடங்கு கூடியது, பார்வையும் விரிந்தது. எவ்வளவு அழகான யோசனை!

இதே ஹாப்கின்ஸிடம் ஆய்வு செய்தவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தும் முறையை இருவரும் 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். வயிற்றுக்குள் வளைந்து செல்லும் எண்டோஸ்கோப்புக்கு வழி திறந்தது அந்த ஆய்வு.

மூலையும் தெரிவதற்காக, வயிற்றறைக்குள் பார்க்கும் பல கருவிகளில் நுனி 30 பாகை சரிவாக இருக்கும். குழாயை அதன் அச்சில் திருப்பினால் பார்வையும் வட்டமடிக்கும். உறுப்பின் மறைந்த பக்கம் தெரியவரும்.

பெருங்குடல் எண்டோஸ்கோப்புகள் பொதுவாக 140 முதல் 170 பாகை வரை பார்க்கின்றன. அப்படியும் மடிப்புகளின் பின்புறம் சிறு கட்டிகள் ஒளிந்துகொள்ளலாம். கோணத்தை மேலும் அகலமாக்கினால் படத்தின் ஓரங்கள் வளைந்து தெரியும். அதைக் கணினி கொண்டு நேராக்க முடியும்.