பாகவதர் பாட்டுக்கு வில்லன் காக்கா! நாடகம் சினிமாவான கதை

சென்னை அடையாறில் டாக்டர் எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி இருக்கிறதல்லவா? அந்தப் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ இருந்த இடம் அது. அதற்கும் முன்னால் அங்கே மீனாட்சி சினிடோன் என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படம் அங்கேதான் உருவானது. படம் 'பவளக்கொடி'. ஆண்டு 1934.

இது சினிமாவுக்காக எழுதிய கதை அல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம். பாகவதர் அர்ஜுனன், எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடி. மேடையில் இந்த ஜோடிக்கு ஏக கிராக்கி. அதே ஜோடியை அப்படியே படத்திலும் போட்டார், டைரக்டர் கே.சுப்பிரமணியம். வக்கீலாக இருந்து சினிமாவுக்கு வந்தவர் அவர்.

'ஒன்ஸ்மோர்' கிடையாது

நாடகம் என்றால் ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். ராஜா வேஷக்காரர் கதையை அப்படியே நிறுத்திவிட்டு மறுபடி பாடுவார். பக்கத்திலேயே ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார்.

சினிமாவில் இதெல்லாம் நடக்குமா? பிலிம் ஓட ஓடக் காசு! அப்போது பின்னணிப் பாடல் முறையும் வரவில்லை. நடித்துக்கொண்டே பாட வேண்டும். ஆர்மோனியமும் தபேலாவும் கேமரா கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். ஒருத்தர் பிசகினாலும் போச்சு, முதலில் இருந்து பாட வேண்டியதுதான்!

சூரியன்தான் லைட்

திறந்தவெளியில் சூரிய வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு. மேகம் மறைத்தால் வேலை நின்றுவிடும். மேகம் விலகினால் காக்கா வந்துவிடும்! மத்தியானச் சாப்பாட்டு எச்சிலுக்கு வந்த கூட்டம் கிளம்புவதாக இல்லை. பாகவதர் உருகிப் பாடும்போது நடுவில் 'கா... கா...' என்றால் அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். காக்கா விரட்டுவதற்கென்றே ஏர்கன்னும் கையுமாக ஓர் ஆளை வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு.

இத்தனை கஷ்டத்திலும் பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை. படத்தில் சுமார் 50 பாட்டு! காரணம் சுலபம். அர்ஜுனன் கதை யாருக்குத் தெரியாது? ஜனங்கள் காசு கொடுத்தது குரலுக்கு. அந்தக் கணக்குத் தப்பவில்லை. படம் சக்கைப்போடு போட்டது.

தொண்டைதான் மூலதனம்

ஆனால் மேடைக் கலைஞர்களுக்கு வேறொரு சோதனை வந்தது. 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஏவி.மெய்யப்பன் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்றாகிவிட்டது. பாடத் தெரிந்தால்தான் கதாநாயகன் என்ற நிலை மெல்ல மெல்லப் போயிற்று. தொண்டையை நம்பி மேடைக்கு வந்தவர்களின் பாடு என்ன?

பாகவதர் மட்டும் அசையவில்லை. சொந்தக் குரலிலேயே பாடி நடித்தார். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

நாடகம் பார்க்க முடியாத ஊருக்கும் பாகவதரின் குரலைக் கொண்டுபோனது சினிமாதான். ஆனால் கைதட்டினால் சிரித்துக்கொண்டே திரும்பப் பாடுவாரே, அந்தப் பாகவதரை மட்டும் பிலிம் சுருளில் அடைக்க முடியவில்லை!