சட்டிபானையோடு போன தூரம்

1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கந்தப்பளையைத் தாண்டி ராகலைவரை போனது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். கந்தப்பளை நிலையமோ 6,300 அடிக்கு மேலே இருந்தது. இன்று நாட்டின் உயர்ந்த நிலையமான பட்டிப்பொளைகூட அதைவிடத் தாழ்வுதான். தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின, அரிசி மேலே ஏறியது. லொறிகள் பெருகியபின் 1940களில் பாதை மூடப்பட்டது. இப்போது கந்தப்பளையில் ரயில் பெட்டியைப் பார்க்க ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அது 1996இல் ஹோட்டலானது. அங்கே பெட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். பெட்டி நகராது.

நகரும் பெட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு: அமெரிக்காவில் அடுப்பும் படுக்கையும் வைத்த வண்டியில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துச் சனங்களுக்கும் அப்படியொரு பயணம் இருந்தது. ஒருநாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். ஆகவே சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில்தான் அந்தக் காலத்தில் கதிர்காமம் போனார்கள். லொறியில் பாய், அண்டா, அரிசி மூட்டை, கட்டி வைத்த விறகு. வெலிமடை, பண்டாரவளை தாண்டி இராவணா எல்ல அருவியில் குளியல். வெல்லவாயவில் வெக்கை ஏறும், சுவெட்டர்கள் கழலும். மரநிழலில் மூன்று கல் கூட்டிப் பருப்பும் சோறும் வேகும்வரை யாரும் மணி பார்க்கவில்லை. இரவில் மடத்துத் திண்ணையில் படுக்கை.

இன்று கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். வேனில் மெத்தை இருக்கை. மழைக்குத் தார்ப்பாயை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. முழங்கால் வலிக்கும் கிழவிகளும் வசதியாகப் போகிறார்கள். 2009க்குப்பின் ஏ9 வீதி நிரந்தரமாகத் திறந்ததால் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலும் கைக்கெட்டியது. யுத்த காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது பெரிய பேறு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேனுக்கு நாள் வாடகை. அறைக்காசை மிச்சம் பிடிக்க இரவிலேயே புறப்படுகிறார்கள்; சாப்பாடு வழிக்கடைப் பார்சல். அண்டாவை ஏற்றச் சொல்லிப் பாட்டிமார் இன்னும் கேட்கிறார்கள், சாரதி இடமில்லை என்கிறார். வெல்லவாயவைத் தாண்டும்போது பேரப்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.