வெள்ளைக் கடலட்டை

கடலட்டை என்னும் பெயர் மயக்கம் தருவது. அது குருதி உறிஞ்சும் அட்டையன்று. ஓடில்லாக் கடல் நத்தையுமன்று. நத்தைகள் மெல்லுடலிகள், கடலட்டையோ நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி வகுப்பினது. சட்டம் இவ்வகையினத்திற்கே பாதுகாப்பு அளிப்பதால், இவ்வேறுபாடு சோதனைச் சாவடி அலுவலருக்கும் தேவையானதாகும்.

நம் கடல்களில் வாணிப மதிப்பு மிகுந்த இனம் ஹோலோதூரியா ஸ்காப்ரா. மன்னார் வளைகுடா மீனவர் இதனை வெள்ளை அட்டை என்பர். கிழக்காப்பிரிக்கக் கரை, செங்கடல் முதல் மேற்குப் பசிபிக் தீவுகள் வரை, ஆழமற்ற கடற்புல் வெளிகளில் வாழ்கிறது, அந்தமானிலும் உண்டு. வாயைச் சூழ்ந்த உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கி, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் மக்கிய பொருளையும் செரித்து, மணலை வெளியேற்றுகிறது. வயலில் மண்புழு ஆற்றும் பணியைக் கடலடியில் இது ஆற்றுகிறது எனலாம்.

இந்தியரிடையே இதனை உண்ணும் வழக்கம் இல்லை. குடல் நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டி உலர்த்திய பின் சீனாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் அனுப்பப்பட்டது. உலர்ந்தபின் எடை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறையும். 1982-இல், உலர்ந்த நிலையில் 7.5 செ.மீ.க்குக் குறைந்தவற்றின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஆனால் மூழ்கி எடுப்பவர் கையில் இருப்பது உயிருள்ள அட்டை. அது உலர்ந்து எவ்வளவு சுருங்கும் என்பதை நீருக்கடியில் அளக்க இயலாது. விதி பிடிக்கும் இடத்தை விட்டு, ஏற்றுமதி வாயிலில் நின்றது.

2001-இல் கடலட்டைகள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வருவாய் இழந்த மீனவர் தடையை நீக்கக் கோரினர். ஆயினும் உயிரியல் காரணம் வலுவானது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தனித்தனியே நீரில் விடுகின்றன. அருகருகே இல்லாவிடில் கருத்தரிப்பு நிகழாது. ஆகவே ஆங்காங்கே சில எஞ்சியிருப்பதால் மட்டும் இனம் மீண்டுவிடுவதில்லை.

வளர்ப்புக்கு வழி தெரியாமலில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1988-லேயே இதன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தது. தடையின் பின் அது இந்தியாவில் வாணிபத் தொழிலாக விரியவில்லை. எதிர்க்கரையான இலங்கையில் உரிமத்துடன் பிடிக்கவும் வளர்க்கவும் இடமுண்டு. கள்ளக் கடத்தலுக்கு அது வசதியாயிற்று. 2020-இல் லட்சத்தீவில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடலட்டைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

வளர்ப்பை அனுமதிப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: உலர்ந்து கருத்த அட்டையைப் பார்த்த அளவில், அது பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா என்று எந்த அலுவலராலும் கூற இயலாது.